துரையின் தாளில் சிப்பாயின் தடம்

தாமஸ் ஜான் நியூபோல்ட் என்ற பெயர் இன்று மலேசியாவின் சிரம்பானை அடுத்த ராசாவில் யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. இங்கிலாந்தின் மேக்கில்ஸ்ஃபீல்டில் ஒரு மருத்துவரின் மகனாக 1807இல் பிறந்தவர். 1828இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ராணுவத்தில், 23ஆம் படைப்பிரிவில், என்சைன் என்னும் கடைசிப்படி அதிகாரியாகச் சேர்ந்தார். அந்தப் படைப்பிரிவுக்கு வாலாஜாபாத் இலகு காலாட்படை என்றும் பெயர். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரையில் இருக்கும் அதே வாலாஜாபாத்தான். 1832இல் நியூபோல்ட் மலாக்காவுக்கு வந்தார், நீரிணைப் பகுதியில் மூன்று ஆண்டுகள் இருந்தார், அதில் ஒரு காலம் லிங்கித் துறைக்குப் பொறுப்பதிகாரியாகவும் இருந்தார். சிரம்பான், ராசா, மம்பாவ் வழியாக இறங்கி ரந்தாவ் தாண்டிக் கடலில் சேர்கிறதே, அந்த லிங்கி ஆற்றின் வாய். மேலே வெட்டிய ஈயம் கீழே வர வேண்டுமானால் அந்த வழியாகத்தான் வரவேண்டும். சுங்கை ஊஜோங், ரெம்பாவ், ஜொகோல் ஆகிய சிறு மலாய் நாடுகள் பற்றியெல்லாம் அவர் திரட்டிய செய்திகள் 1839இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. நெகிரி செம்பிலான் வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றும் அந்த நூலைத் தொடாமல் போவதில்லை.

இப்படிப்பட்ட அதிகாரிகள் பதவிக்கு வந்தபோது உண்டான தாள்கள், அதாவது விண்ணப்பம், சிபாரிசுக் கடிதம், ஞானஸ்நானச் சான்று, நியமனப் பதிவு எல்லாம், ஆவணக் காப்பகங்களில் இன்றும் இருக்கின்றன. பிரிட்டிஷ் குடும்பங்கள் அவற்றைத் தேடிப் போகின்றன. பாட்டனாரின் பெருமையை அதில் பார்க்கின்றன. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழருக்கு அதில் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது என்பதே என் வாதம். காப்பிக்கும் ரப்பருக்கும் முன்பே இந்த ஆற்றுப் பக்கம் வந்து போன தென்னிந்தியர்களைத் தேட, நம் கையில் இருக்கிற உறுதியான நூல்முனை அந்தத் துரைகளின் தாள்தான். அதைப் பாராட்டுப் பத்திரமாகப் படித்தால் ஒன்றும் கிடைக்காது. யார் யாருக்குப் பொறுப்பு, யார் யாருக்காகப் பிணை நின்றார்கள், யாருடைய ஆணை எதுவரை செல்லும் என்று சொல்லும் சீட்டாகப் படித்தால்தான் அது வாய் திறக்கும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். பிரிட்டிஷ் அரச படையின் நியமனப் பத்திரம் பெரும்பாலும் பதப்படுத்திய தோலில் செய்த பெரிய தாள். மேலே இடப்பக்கம் அரசரின் கையெழுத்து, அதன் அருகே முத்திரை. வாசகம் முழுவதும் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். பெயர், பதவி, படைப்பிரிவு, தேதி ஆகியவற்றுக்கு மட்டும் இடம் விட்டு எழுத்தர் மையால் நிரப்புவார். சாரம் இதுதான்: உம்முடைய விசுவாசத்திலும் துணிவிலும் நம்பிக்கை வைத்து இந்தப் பதவியில் உம்மை அமர்த்துகிறோம், கீழிருப்பவர்களைப் பயிற்றி ஒழுங்கில் வைத்திரும், அவர்கள் உமக்குக் கீழ்ப்படிய வேண்டும், நீர் உமக்கு மேலிருப்பவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும். கம்பெனிப் படையில் அமைப்பு சற்று வேறு. மெட்ராஸ் ராணுவ அதிகாரிக்கு நியமனம் வழங்கியது செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கூடிய கவர்னரும் அவருடைய கவுன்சிலும். நியூபோல்ட் சேர்ந்த காலத்தில் கவர்னர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன். வாசகத்தின் போக்கு மட்டும் ஒன்றுதான்: மேலே ஒரு கை, கீழே ஒரு கூட்டம், நடுவில் இந்தப் பெயர்.

அந்தப் பத்திரம் அதிகாரியின் சொந்த உடைமை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஓய்வு பெறும்போது பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போய்விடுவார். அதனால் அசல் பத்திரங்கள் இன்று குடும்பங்களிடமும், ஏலக் கடைகளிலும், லண்டன் செல்சியில் உள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகம் போன்ற இடங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. காப்பகத்தில் தங்கியது அதைச் சுற்றி எழுதப்பட்ட தாள்கள். அரச படைக்கு விண்ணப்பித்தவர்களின் மனுக்களும் சிபாரிசுகளும், படைத்தலைவர் அலுவலகத்துக் குறிப்புகளாக, 1793 முதல் 1870 வரை லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒரே வரிசையாக இருக்கின்றன. கம்பெனிப் படைக்கு வர விரும்பிய இளைஞர்களின் தாள்கள், கேடட் தாள்கள் என்ற பெயரில், 1789 முதல் 1860 வரை, பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. 1828இல் சேர்ந்த ஒரு நியூபோல்டையும், பின்னால் வரப்போகிற சானரையும் தேட வேண்டிய இடம் இந்த இரண்டாவது வரிசை.

என்னைக் கேட்டால், தோல்தாளைவிட இந்தத் துணைத்தாள்களுக்கே மதிப்பு அதிகம். கம்பெனியில் சேர ஒரு பையனுக்கு டைரக்டர்களில் ஒருவரின் நியமனச் சீட்டு வேண்டும். டைரக்டர்களுக்கு ஆண்டுதோறும் இத்தனை இடம் என்று பங்கு உண்டு. அந்த இடங்கள் கள்ளத்தனமாக விலைபோகின்றன என்ற புகார் 1809இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு விசாரிக்கும் அளவுக்கு முற்றியது. அதனால் கேடட் தாளில், எந்த டைரக்டர் இடம் கொடுத்தார், அவரிடம் யார் சொன்னார்கள், இதற்காகக் காசு கைமாறவில்லை என்ற உறுதிமொழி, வயதைக் காட்ட ஞானஸ்நானச் சான்று, எங்கே படித்தான் என்ற விவரம் எல்லாம் வரிசையாக இருக்கும். வீரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்காது. இருக்கவும் முடியாது, போர்க்களத்தையே காணாத இளம்பையன் அவன். ஒருவன் அதிகாரியாவதற்கு என்ன தேவைப்பட்டது என்று அந்தத் தாள் நேர்மையாகச் சொல்கிறது. யாரைத் தெரியும் என்பதே தேவைப்பட்டது.

அரச படையில் நிலைமை இன்னும் வெளிப்படை. அங்கே பதவிக்கு விலைப்பட்டியலே உண்டு. 1821இல் வகுத்த கட்டணப்படி காலாட்படையில் என்சைன் பதவி 450 பவுண்டு, லெப்டினன்ட் 700, கேப்டன் 1,800, மேஜர் 3,200, லெப்டினன்ட் கர்னல் 4,500. பீரங்கிப்படையிலும் பொறியியல் படையிலும் மட்டும் விற்பனை இல்லை. குண்டு எங்கே விழும் என்று கணக்குப் போடத் தெரியாதவனைப் பணத்துக்காகச் சேர்ப்பது ஆபத்து என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. மெட்ராஸ் சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் அப்போது மாதம் 7 ரூபாய். பவுண்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால், காலாட்படையின் கடைசிப்படிக்குக் கொடுத்த விலை ஒரு சிப்பாயின் ஐம்பது ஆண்டுச் சம்பளத்துக்கும் மேல். கம்பெனிப் படையில் இந்த விற்பனை சட்டப்படி இல்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கே பதவி உயர்வு பெரும்பாலும் மூப்பின்படி, அதாவது மேலே இருப்பவர் இறக்கும் வரையோ விலகும் வரையோ காத்திருப்பது. நியூபோல்ட் லெப்டினன்ட் ஆனது 1834இல், கேப்டன் ஆனது 1842இல். அரச படையின் விலைக்கு வாங்கும் முறையை, போர்த்துறை அமைச்சர் எட்வர்ட் கார்டுவெல், நாடாளுமன்றத்தில் வந்த எதிர்ப்பைத் தாண்டி, அரச ஆணை ஒன்றின் மூலம் 1871 நவம்பர் 1 முதல் ஒழித்தார்.

அரசரின் கையெழுத்தே நேரடி நம்பிக்கையின் அடையாளம் அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். விக்டோரியா அரசியின் மேசை அதற்குப் பதில் சொல்கிறது. ஒவ்வொரு பத்திரத்திலும் அவரே கையெழுத்திட வேண்டியிருந்ததால், கையெழுத்துக்காகக் காத்திருந்த பத்திரங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. 1862இல் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றி, அரசி கையெழுத்திடாமலேயே பத்திரம் வழங்கலாம் என்று வைத்தார்கள். பல அதிகாரிகள் பத்திரம் கைக்கு வருமுன்பே பல ஆண்டுகள் பணியாற்றியிருந்தார்கள். நடைமுறையில் பதவியை உறுதிசெய்தது அரசிதழான லண்டன் கெசட்டில் வெளியாகும் ஒரு வரி. தோல்தாள் சடங்கு, கெசட் வரி ஆதாரம், விண்ணப்பத் தாள் காரணம். பெருமைக்காகத் தேடுகிறவர்கள் முதலாவதைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். வரலாறு தேடுகிறவருக்கு மூன்றாவதுதான் வேண்டும்.

இனி நம் ஆற்றுக்கு வருவோம். நியூபோல்ட் லிங்கித் துறையில் பொறுப்பில் இருந்தபோது, உள்நாட்டில் இரண்டு மலாய்த் தரப்புகள் மோதிக்கொண்டிருந்தன. இரு தரப்பையும் சமமாக நடத்த வேண்டும் என்பது அரசாங்கத்தின் விருப்பம். ஒரு தரப்புக்குச் சரக்கு கொண்டுபோன படகு ஒன்றை நியூபோல்ட் பிடித்து நிறுத்தினார். படகின் உடைமையாளர் சும்மா இருக்கவில்லை. மலாக்காவின் ரெக்கார்டர் நீதிமன்றத்தில் அவர்மீது வழக்குத் தொடுத்தார். கம்பெனியின் அதிகாரி, கையில் நியமனம், பின்னால் சிப்பாய்கள், இவ்வளவு இருந்தும் ஒரு படகுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவராக அவர் நீதிமன்றத்தில் நின்றார். நியமனப் பத்திரத்தின் எல்லை எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அது கொடுத்தது இரவல் அதிகாரம். தன் படைக்குள் அது செல்லும். ஆற்றில் போகிற எவன் மீதும் செல்லும் என்று எழுதியிருக்கவில்லை. அதோடு, லிங்கி ஆற்றில் படகு விட்ட ஒரு சாதாரண மனிதனின் முறையீடு அரசுப் பதிவில் ஏறியதே, இந்த அதிகாரி அதற்கு எதிராளியாக இருந்ததால்தான். துரையின் பெயரைப் பிடித்துப் போனால் படகுக்காரர் வரை போகலாம் என்று நான் சொல்வது இதைத்தான்.

மலாக்காவை ஒட்டிய நானிங்கில் நடந்த சண்டை இதன் பின்னணி. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தமக்கு உரியது என்று மலாக்கா நிர்வாகம் கேட்டது. நானிங்கின் தலைவரான பெங்ஹுலு டோல் சாயிட் மறுத்தார். 1831 ஆகஸ்டில் 29ஆம் மெட்ராஸ் காலாட்படையின் சிறு அணி ஒன்று பீரங்கிகளோடு புறப்பட்டுப் போய், மரங்களை வெட்டிப் போட்டு மறித்த காட்டுப் பாதையில் அகப்பட்டு, பின்வாங்கி வந்தது. அடுத்த ஆண்டு சென்னையிலிருந்து 5ஆம் காலாட்படையும், பீரங்கிப் படையினரும், சாப்பர்கள் என்ற பாதை வெட்டும் படையினரும் வந்தார்கள். 1832 ஜூனில் டோல் சாயிட்டின் இருப்பிடமான தாபோ விழுந்தது. அந்தப் போரில் இருந்த மெட்ராஸ் பீரங்கிப்படை அதிகாரி பெக்பி, மலாய்த் தீபகற்பம் பற்றி ஒரு நூல் எழுதி 1834இல் சென்னை வேப்பேரி மிஷன் அச்சகத்தில் அச்சிட்டார். நெகிரி செம்பிலானின் வாசலில் நடந்த போரைப் பற்றிய நூல் நம் வேப்பேரியில் அச்சானது என்பது, இந்த இரண்டு கரைகளும் அப்போது எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பதைக் காட்டுகிறது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் நிர்வாகம் அந்த ஆண்டுகளில் கல்கத்தாவின் கீழ். படை மட்டும் சென்னையிலிருந்து. ஆகையால் தாள்களும் கல்கத்தா, சென்னை, லண்டன், நீரிணை என்று நாலாகப் பிரிந்தன. இந்தப் பிரிவினையால்தான் நம் ஆட்கள் இத்தனை காலம் கண்ணில் படாமல் போனார்கள்.

இந்தக் கதை ராசாவின் பக்கமாக வருவது நாற்பது ஆண்டு கழித்து. ஈயச் சுரங்கங்களும் சீனத் தொழிலாளர்களும் நிறைந்த சுங்கை ஊஜோங்கில், அந்நாட்டின் தலைவர் டத்தோ கெலானா சையத் அப்துல் ரஹ்மான் 1874 ஏப்ரலில் பிரிட்டிஷாரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். அங்கே அவருக்குப் போட்டித் தலைவரான டத்தோ பண்டார் அதை ஏற்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் சண்டை மூண்டு, பண்டார் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். அதன்பின் அங்கே பிரிட்டிஷ் உதவி ரெசிடென்டாக இருந்தவர் அரச பீரங்கிப்படையின் கேப்டன் டேத்தம். அவருக்கு அடுத்து வந்தவர் கடற்படைக் கமாண்டர் பேட்ரிக் ஜேம்ஸ் மர்ரே. 1881இல் இறக்கும்வரை பதவியில் இருந்தார். கவனித்துப் பாருங்கள்: ஓர் ஈய நாட்டின் வரி, வழக்கு, சாலை எல்லாவற்றையும் பார்க்க ஒரு பீரங்கிக்காரர், பிறகு ஒரு கப்பல்காரர். அவர்கள் பெற்ற நியமனத்தில் நிர்வாகம் என்ற சொல்லே இல்லை. ஆனாலும், அரசர் பெயரால் ஒரு முறை நம்பப்பட்டவர் எந்த வேலைக்கும் நம்பத்தக்கவர் என்ற வழக்கம் அப்போது இருந்தது. படைப் பதவி, எந்த அலுவலகத்திலும் செல்லுபடியாகும் நாணயம்போல் ஆகியிருந்தது.

1875 டிசம்பரில் ஸ்ரீ மெனாந்தியின் ஆட்சியாளர் யாம் துவான் அந்தாவின் ஆட்கள், ராசாவுக்கு எட்டிய தொலைவிலுள்ள பாரோய் வரை வந்துவிட்டார்கள். லெப்டினன்ட் ஹின்க்ஸ்மன் அரச படையின் 10ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த அணி ஒன்றோடு போய்த் தாக்கினார். பிறகு இந்தியாவிலிருந்து கூர்க்காப் படை வந்தது. சிரம்பானிலிருந்து கோலா பிலா போகும் வழியிலுள்ள புக்கிட் பூத்துஸ் கணவாயில், டிசம்பர் 20 பிற்பகல், அந்தப் படையின் கேப்டன் ஜார்ஜ் நிக்கோலஸ் சானர் சிறு அணியோடு உளவு பார்க்கப் போய், மரக்கட்டைகளால் அரணிட்ட கோட்டைக்குள் முதல் ஆளாகக் குதித்தார். அதற்காக 1876 ஏப்ரலில் விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அலகாபாத்தில் 1843இல் பிறந்தவர்; தந்தையும் வங்காளப் பீரங்கிப்படை அதிகாரி; பதினாறு வயதில், 1859இல், தானும் படையில் சேர்ந்தார்; கடைசியில் ஜெனரல் ஆனார். தகப்பன் இருந்த படையில் மகன் சேர்வது தற்செயல் அல்ல. கேடட் தாள்களைப் புரட்டுகிறவர்களுக்கு அலுத்துப் போகும் அளவுக்கு இந்த வழக்கம் கண்ணில் படும். சானரின் துணிவை இதனால் குறைத்துச் சொல்லவில்லை. அரணுக்குள் குதித்தது அவருடைய கால்தான். அந்த இடத்தில் கேப்டனாக நிற்க வைத்தது மட்டும் வேறொன்று.

அவருக்குப் பின்னால் குதித்த கூர்க்காக்களின் நிலையைப் பாருங்கள். அதே அரண், அதே பிற்பகல். ஆனால் விக்டோரியா கிராஸ் இந்தியப் படைவீரர்களுக்கு 1911 வரை கிடையாது. அவர்களுக்கு வேறு விருது. பதவியிலும் அப்படித்தான். சுபேதாருக்கும் ஜமேதாருக்கும் நியமனப் பத்திரம் உண்டு. ஆனால் அது அரசரின் பத்திரம் அல்ல, இந்திய அரசாங்கத்தின் பத்திரம். முப்பது ஆண்டு சேவை செய்து நரைத்த சுபேதார் மேஜரும், நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய பதினெட்டு வயது என்சைனுக்குக் கீழேதான். இந்தியர்களுக்கு அரச நியமனம் முறையாகத் திறந்துவிடப்பட்டது முதல் உலகப்போரின் பிற்பகுதியில்தான். இந்த ஏற்றத்தாழ்வு காப்பகத்தின் அலமாரியிலும் அப்படியே இருக்கிறது. அதிகாரிக்கு ஞானஸ்நானச் சான்று முதல் ஓய்வூதியம் வரை தனிக்கோப்பு. சிப்பாயின் பெயர், தகப்பன் பெயர், சாதி, ஊர், உயரம், அடையாளம் எல்லாம் சேரும்போது பதிவேட்டில் எழுதப்பட்டதுதான். ஆனால் அந்தப் பதிவேடுகளில் மிகப் பெரும்பான்மை காக்கப்படவில்லை. எழுதாமல் விட்டதால் வந்த மௌனம் அல்ல இது. எதை வைத்துக்கொள்வது, எதை எரிப்பது என்று யாரோ ஒருவர் முடிவு செய்ததால் வந்த மௌனம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. மெட்ராஸ் சிப்பாய் என்றால் தமிழன் என்று எப்படிச் சொல்லலாம்? சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அந்தப் படையில் தெலுங்கர், தமிழர், முஸ்லிம்கள், இன்னும் பலர் கலந்திருந்தார்கள். வாலாஜாபாத் என்ற பெயர் படைப்பிரிவுக்கு இருந்தது என்பதற்காக அதிலிருந்தவர்கள் எல்லாம் செங்கல்பட்டுப் பக்கத்தவர் ஆகிவிடமாட்டார்கள். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை உடைப்பதைவிட அதைக் கூர்மையாக்குகிறது. சரியான விகிதம் தெரிய வேண்டுமென்றால் படைப்பிரிவு வாரியாகத்தான் தேட வேண்டும். எந்தப் படைப்பிரிவு எந்த ஆண்டில் எந்தத் துறையில் நின்றது என்பதை உறுதியாகச் சொல்வது அதன் அதிகாரிகளின் சேவைப் பதிவுகள்தான். அதிகாரி லிங்கியில் தனியாக உட்கார்ந்து துறையைக் காத்திருக்க முடியாது. அவருடைய பெயர் இருக்கும் இடத்தில் பெயர் எழுதப்படாத ஒரு அணியும் இருந்தது என்பது ஊகமானாலும், பத்திரத்தின் வாசகமே தாங்கி நிற்கும் ஊகம். கீழ்ப்படிய ஆள் இல்லாமல் நியமனத்துக்குப் பொருளில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் நெருக்கமானது. அந்தச் சிப்பாய்கள் தவணை முடிந்து ஊர் திரும்பிவிட்டார்கள். ராசாவிலும் அதைச் சுற்றியும் இருந்த தோட்டங்களில் வாழ்ந்தவர்களின் முன்னோர் ஆள் சேர்த்த கங்காணியின் கையால் வந்தவர்கள். பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்தவர்கள். கிராணி என்ற தோட்டத்து எழுத்தரின் செக்ரோலில், அதாவது பெயர்ப் பதிவேட்டில், இருந்தவர்கள். அவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன உறவு? இரத்த உறவு பெரும்பாலும் இராது, ஒப்புக்கொள்கிறேன். சிப்பாய்க்குச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. தோட்டத்துக்கு வந்தவருக்குத் தலையில் கடன்தான் உண்டு. இருவரையும் ஒரே பெருமைக்குள் கலந்துவிடுவது அநியாயம். ஆனால் தோட்டத் தொழிலாளியைக் கொண்டுவந்த பாதை காட்டில் தானாக முளைத்ததா? நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் மலாக்காவுக்கும் இடையே ஆட்களை ஏற்றி இறக்கவும், கணக்கெழுதவும், சோறு போடவும், நோய்க்குப் பார்க்கவும் பழகிய நிர்வாகம் ஒன்று ஏற்கனவே இருந்தது. படைகளையும் கைதிகளையும் சென்னை மாகாணத்திலிருந்து நீரிணைக்கு அனுப்பி அனுப்பிப் பழகிய நிர்வாகம் அது. 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்தியாவிலிருந்து பிரிந்து லண்டனின் நேரடிக் குடியேற்றம் ஆனபின், அந்தப் பழக்கம் வேறு கைகளுக்குப் போனது. சுங்கை ஊஜோங்கில் காப்பித் தோட்டங்கள் வந்தன. 1891இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் ஓடியது. பிறகு பால்மரம் வந்தது. தோட்டத்தில் வெள்ளைத் துரைக்குக் கீழே கிராணி, அவருக்குக் கீழே கங்காணி, விடியுமுன் வரிசையில் நின்று பேர் கொடுப்பது என்ற ஒழுங்கைப் பார்த்தால், அது எங்கே பயின்றது என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவதாக ஒரு கோபமான மறுப்பையும் கேட்டாக வேண்டும். நம்மை ஆண்டவனின் பத்திரத்தை நாம் ஏன் தூசு தட்ட வேண்டும்? நம் பாட்டிமார் சொன்ன கதையும், கோயில் கணக்கும், பழைய அடையாள அட்டையும் போதாதா? இந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. துரையின் கோப்பைத் தேடித் தேடியே அவரைக் கதாநாயகராக்கிவிடும் ஆபத்தும் உண்டு. அப்படி எழுதிய நூல்கள் ஏராளம். ஆனால் வாய்மொழி நினைவு மூன்று தலைமுறைக்கு மேல் தேதி வைத்திருப்பதில்லை. 1833இல் லிங்கியில் காவல் நின்ற ஒரு சிப்பாயை நினைவில் வைத்திருக்கும் பாட்டி இங்கே யாருக்கும் இருக்க முடியாது. அந்தக் காலத்துக்கு எழுத்துச் சான்றுதான் வழி. எழுத்தைக் கையில் வைத்திருந்தவன் எழுதியதைத்தான் படிக்க வேண்டும். அவன் எழுதியதை அவனுக்கே எதிராகப் படிக்கவும் முடியும். 450 பவுண்டு என்ற விலைப்பட்டியலும், காசு கைமாறவில்லை என்று வாங்கிவைத்த உறுதிமொழியும், படகுக்காரர் தொடுத்த வழக்கும் அவர்கள் வைத்துவிட்டுப் போன சாட்சிகளே.

தேடும் வழியையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது ஆராய்ச்சியாளருக்கு மட்டுமான வேலையல்ல. முதலில் அதிகாரியின் பெயரும் படைப்பிரிவும். அச்சான ராணுவப் பட்டியல்களில் அது கிடைக்கும். அரச படைக்கு 1839 முதல் ஹார்ட்டின் பட்டியல் இருக்கிறது. அதிலிருந்து பதவித் தேதிகள். தேதிகளிலிருந்து அந்தப் படைப்பிரிவு எங்கே இருந்தது என்ற விவரம். பிறகுதான் சென்னை. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் இன்றைய கட்டடம் 1909இல் திறக்கப்பட்டது. அதன் தொடக்கம் 1805இல் வில்லியம் பென்டிங்க் கோட்டைக்குள் அமைத்த ஆவண அறை. மெட்ராஸ் அரசின் ராணுவத் துறை ஆவணங்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அங்கே இருக்கின்றன. கடல் கடந்து போன படைக்கு அரிசி, கப்பல், படி, வீட்டில் விட்டுப்போன குடும்பத்துக்குப் பணம், இறந்தவர் கணக்கு, ஊனமுற்றவர் ஓய்வூதியம் என்று சிப்பாய்கள் அவற்றில் வந்துபோகிறார்கள். சில இடங்களில் எண்ணிக்கையாக, சில இடங்களில் பெயராக. நீரிணை நிர்வாகத்தின் கடிதங்களுக்குச் சிங்கப்பூர். சுங்கை ஊஜோங்கின் பிற்காலக் கோப்புகளுக்குக் கோலாலம்பூரின் தேசிய ஆவணக் காப்பகம், அது 1957இல் தொடங்கியது. தோட்டத்துப் பிள்ளைகள் பட்டம் பெற்று வரலாற்றுத் துறையில் ஆய்வுத் தலைப்புத் தேடும்போது லண்டன், சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்ற இந்த நான்கு இடங்களையும் இணைக்கும் வேலை இன்னும் ஆள் இல்லாமல் கிடக்கிறது. எழும்பூரில் சீட்டெழுதும்போது குறிக்க வேண்டியது 1831 முதல் 1835 வரையிலான ராணுவத் துறை ஆலோசனைப் பதிவுகள். கையில் இருக்க வேண்டிய படைப்பிரிவு எண்கள் மூன்று: 29, 5, 23.